உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு

அன்புள்ள மாப்பிள்ளை,

திட்ட வேண்டியதை எல்லாம் முதலிலேயே திட்டி முடித்துவிடு. தீபாவளிக்கு முன்னால் வந்த உன் கடிதத்துக்குப் பொங்கல் கழித்துப் பதில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சர்க்கரையும் பிரஷரும் கூட்டணி வைத்து என் உடம்பில் ஆட்சி நடத்துகின்றன. நான் வெளியிலிருந்து ஆதரவு தருகிறேன். தாடி போன மாதம் பேத்திக்குக் காது குத்தினான். போயிருந்தேன். ஜிப்பா வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. இந்த வயதில் நான் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சண்டை இன்னும் பெரிதாகியிருக்கும்.

இங்கே ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் துறைக்காரர்கள் கேலிச்சித்திரப் போட்டி வைத்தார்கள். தலைப்பு ‘கூட்டணி ஆட்சி’. நடுவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர், கல்லூரி நிர்வாகத்தில் ஒருவர், அப்புறம் நான். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்காதே. பாங்கில் இருந்தபோது யூனியன் போர்டில் படம் ஒட்டுவேன், அதை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் பாதி உன்னுடையதைப் பார்த்துக் காப்பியடித்தது என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

மொத்தம் நாற்பத்தொரு படம். பதினேழில் நாற்காலி. நாற்காலியைப் பிடித்து இழுப்பது, நாற்காலிக் காலை ரம்பத்தால் அறுப்பது, பாட்டு நின்றதும் நாற்காலியில் பாய்வது. ஒன்பதில் கை குலுக்கல், முதுகுக்குப் பின்னால் கத்தி. மிச்சத்தில் பாதி செல்போனில் இருந்து இறக்கியது. மத்தியானம் வரைக்கும் எனக்குக் கொட்டாவிதான். அப்புறம் அந்தப் படம் வந்தது.

ஒரு கயிற்றுக் கட்டில். நம் ஊர்த் திண்ணையில் கிடக்குமே, அதேதான். பின்னல் இன்னும் முடியவில்லை. சுற்றி ஏழெட்டு வேட்டிகள், ஆளுக்கொரு கயிற்று நுனியைப் பிடித்து அவரவர் பக்கமாக இழுக்கிறார்கள். கட்டிலின் நாலு காலும் நாலு உயரம். குட்டையான காலுக்கு அடியில் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது, செங்கல்லில் ‘வெளியிலிருந்து ஆதரவு’ என்று எழுதியிருக்கிறது. பின்னி முடிப்பதற்குள் ஒருவர் ஏறிப் படுத்துவிட்டார். அவர் முகம் தெரியாது. நம்மைப் பார்த்தபடி இரண்டு உள்ளங்கால்கள் மட்டும், படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. கட்டிலுக்கு அடியில் ஒரு குட்டி ஆள். கால்மாட்டுக் கயிற்றின் கடைசி முடிச்சைத் தன் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்கிறான். அவன் காலை மடக்கினால் மொத்தக் கட்டிலும் தொய்ந்துவிடும். ஓரத்தில் ஒரு கிழவி, இடுப்பில் முறம். அவள் சொல்வதுதான் படத்துக்கு அடியில் இருந்த ஒரே வரி: “கட்டில் என்னோடதுதான். பின்னி முடிச்சதும் குடுத்துடுவாங்களாம்.”

எனக்குச் சிரிப்பே வரவில்லை. நல்ல படம் என்றால் எனக்கு அப்படித்தான், உனக்குத் தெரியும்.

வரைந்தது இரண்டாம் வருஷத்துப் பெண். அவள் அப்பா கட்டில் பின்னுகிறவராம், அதனால்தான் அந்த முடிச்சு அவ்வளவு சரியாக இருந்தது. தமிழ்நாட்டில் வெகுகாலமாகக் கூட்டணி என்றால் தேர்தல் வரைக்கும்தான், மந்திரிசபையில் பங்கு கொடுக்கிற வழக்கம் இருந்ததில்லை. 2006இல் தி.மு.க.வுக்கு 96 இடந்தான். அப்போதுகூட காங்கிரஸ் வெளியே நின்றுதான் தாங்கியது, ஜெயலலிதா அஞ்சு வருஷமும் ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்றே சொல்லித் தீர்த்தார். அந்தப் பெண் பார்த்த கூட்டணி ஆட்சியெல்லாம் 2024க்குப் பிறகு டெல்லியில் நடப்பதுதான்: பா.ஜ.க.வுக்கு 240, தெலுங்கு தேசத்தின் 16, நிதிஷின் 12. அந்தக் கடலைக்காரக் குட்டி ஆள் எந்த எண் என்று நான் கேட்டேன். “எந்த வருஷம்னு சொல்லுங்க சார், எண் மாறும்” என்றாள். நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நிர்வாகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த உள்ளங்காலையே பார்த்தார். இடது காலில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. மை சொட்டியது. அவள் அதை அழிக்கப் பார்த்து இன்னும் பரவியிருந்தது. இவர் சொல்கிறார், அது மச்சமாம். இன்ன தலைவருக்கு அதே இடத்தில் மச்சம் இருக்கிறதாம். படம் அவரைத்தான் குறிக்கிறதாம். தேர்தல் வருஷம், நமக்கு எதற்கு வம்பு?

டிராயிங் மாஸ்டர் அதுவரை வாயே திறக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: “அவர் உள்ளங்காலை நீங்க எப்பப் பார்த்தீங்க?”

அறையில் ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும். கால் கழுவி விட்டவனுக்கும் விழுந்து எழுந்தவனுக்கும் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எனக்கு அடக்க முடியவில்லை. டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

சிரித்ததுதான் தப்பாகப் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் மரியாதைப் பிரச்சினை ஆக்கிவிட்டார். படத்துக்குப் பரிசு கிடையாது, சுவரிலும் ஒட்டக் கூடாது. நான் 1987ஐ இழுத்தேன். ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்கை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் நீதான் என் பிரதியை வாங்கிப் போய் இன்றுவரை திருப்பித் தரவில்லை. எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் திருடன், கொள்ளைக்காரன் என்று வரைந்ததற்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதம் கடுங்காவல் கொடுத்தது. ஊரே கத்தியது, சில நாளில் வெளியே விட்டார்கள். அவர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். நஷ்ட ஈடு ஆயிரம் ரூபாய், அதைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். இதை நான் வீரமாகச் சொல்லி முடித்தால் அந்த மனிதர், “பார்த்தீங்களா சார், ஜெயில்! அதைத்தானே நானும் சொல்றேன்” என்கிறார்.

என்ன சொல்ல! 2025 பிப்ரவரியில் அதே விகடனின் இணையதளத்தை ஒரு கார்ட்டூனுக்காக முடக்கியதும், உயர் நீதிமன்றம் போய்த் திறக்க வைத்ததும் என் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். அதையும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார்.

மாப்பிள்ளை, நான் யோசித்துப் பார்த்தேன். அப்போதெல்லாம் படம் வெளிவந்து, ஆட்கள் பார்த்து, யாருக்கோ வலித்து, அதற்கப்புறம்தான் போலீஸோ சட்டசபையோ வந்தது. எமர்ஜென்சியில்கூட கார்ட்டூன்காரர் அபு ஆபிரகாம் ஜனாதிபதியைக் குளியல் தொட்டிக்குள் உட்கார வைத்து அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட வைத்தார், அது அச்சிலும் வந்தது. இங்கே அந்தத் தலைவர் இருக்கும் திசையில்கூடப் படம் போகவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. அவர் கட்சியின் வட்டச் செயலாளர் ஒருவர்கூட ஒரு போன் போடவில்லை. யாரும் கேட்காமலே ஒரு மனிதர் மைச்சொட்டில் மச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனது அதனால்தான்.

நம் மெஸ் காலத்துத் துருவி ஞாபகம் வந்தாரா உனக்கு? எனக்கு வந்தார். 1979 ஜூலை, மொரார்ஜி போய்ச் சரண் சிங் வந்த வாரம். நீ சரண் சிங்கைப் பட்டுவேட்டி, மாலையோடு மணவறையில் உட்கார வைத்தாய். பெண்ணைக் காணோம். பெண்வீட்டார் பந்தலுக்கு வெளியே நின்று “நாங்க இங்கேர்ந்தே ஆசீர்வாதம் பண்றோம்” என்கிறார்கள், அதில் ஒரு அம்மாவுக்கு மட்டும் நீண்ட மூக்கு. மெஸ் வாசலில் ஒட்டி ஒரு மணி நேரம் இருக்காது, துருவி வந்து கிழித்தார். தன்னைத்தான் வரைந்திருக்கிறோமாம்! அவர் கல்யாணம் அந்த ஆனியில் நின்றுபோனது நமக்கு எப்படித் தெரியும்? சரண் சிங் என்று சத்தியம் செய்தோமே, நம்பினாரா? உனக்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் நிலைத்ததுதான் மிச்சம். ஆகஸ்டில் இந்திரா ஆதரவை விலக்கிக்கொண்டு, அந்த மனுஷர் பிரதமராக ஒரு நாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காமல் ராஜினாமா செய்தபோது, கிழிந்த படத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டி மறுபடியும் மாட்டினாய். அதுதான் திமிர்.

கூட்டணிக் காலம் கார்ட்டூன்காரனுக்கு அறுவடைக் காலம் என்று நீதானே சொல்வாய். ஒரே ஆள் பெரும்பான்மையோடு உட்கார்ந்தால் அவர் மூக்கை எத்தனை நாளைக்குத்தான் வரைவது? கூட்டணி என்றால் கதை இருக்கிறது. நிச்சயதார்த்தம் இருக்கிறது, வரதட்சணை இருக்கிறது, கோபித்துக்கொண்டு போகிற மாமன் இருக்கிறான். 1996இல் வாஜ்பாய் பதின்மூன்று நாள் இருந்துவிட்டுப் போன பிறகு, பதின்மூன்று கட்சி சேர்ந்து ஆளைத் தேடியதே! ஜோதி பாசுவைக் கூப்பிட்டால் அவர் கட்சியே வேண்டாம் என்றது. கடைசியில் 46 எம்.பி. வைத்திருந்த ஜனதா தளத்தின் தேவகவுடா. 140 வைத்திருந்த காங்கிரஸ் வெளியே நின்றது. 1998இல் அ.தி.மு.க.வின் 18 பேருக்காக டெல்லியில் இருந்து போயஸ் கார்டனுக்கு விமானம் விமானமாகத் தூது வந்தது. மறு வருஷம் ஏப்ரல் 17, 269க்கு 270. ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் ஆட்சி கவிழ்ந்தது! அன்று ராத்திரி நீ எஸ்.டி.டி. பூத்தில் இருந்து கூப்பிட்டு “இதை எப்படிடா வரையறது, நிஜமே கார்ட்டூனா இருக்கே” என்று புலம்பினாய். பூத்துக்காரன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்றும் சொன்னாய்.

நீ இப்போது இருக்கிற மகாராஷ்டிரத்தையே எடுத்துக்கொள். பால் தாக்கரே கார்ட்டூன் வரைந்தவர், ஃபிரீ பிரஸ் ஜர்னல் பத்திரிகையில் கார்ட்டூன்காரர் ஆர்.கே. லக்ஷ்மணோடு வேலை பார்த்தவர். 1995இல் சிவசேனா–பா.ஜ.க. கூட்டணி ஆட்சிக்கு வந்தபோது தான் பதவியில் உட்காராமல், ரிமோட் கண்ட்ரோல் தன் கையில் என்று சொல்லிக்கொண்டார். பேனாவைக் கீழே வைத்த கார்ட்டூன்காரன் தானே கார்ட்டூன் ஆனான். இன்னொருவர், லக்ஷ்மண், கடைசி வரை வரைந்துகொண்டே இருந்து, கட்டம் போட்ட கோட்டு போட்ட அந்த ஊமை மனிதனை விட்டுவிட்டுப் போனார். புனேயில் அந்தக் காமன் மேன் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினாயே, யார் சிலை என்று என் மனைவி இரண்டு தரம் கேட்டாள். உயரத்தில் மட்டும்தான் வித்தியாசம் என்றேன்.

அந்தக் கிழவியைப் பற்றித்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். லக்ஷ்மணின் ஆள் பேச மாட்டான். இவள் பேசுகிறாள். கோபமாக இல்லை, நம்பிக்கையாகவும் இல்லை; இரவல் கொடுத்த பண்டத்தை விசாரிக்கிற மாதிரி. பத்தொன்பது வயதில் அது எப்படி வந்தது?

சரி, இதையும் எழுதிவிடுகிறேன். உனக்குப் பதில் போடாததற்கு வேலை காரணம் இல்லை. உறையைப் பிரித்ததும் உன் எழுத்தைப் பார்த்தேன். அகரம் எல்லாம் புழு மாதிரி நெளிந்து, வரி கீழே கீழே போய், கையெழுத்துப் போட்ட இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. மருந்து மாற்றியிருக்கிறார்கள், கொஞ்சம் பரவாயில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். நம்பவில்லை. இழுப்பறையில் வைத்து மூடிவிட்டேன். மூன்று மாதம். நேரில் வந்து திட்டு.

படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பரிசு ஒரு நாற்காலிக்குப் போனது. பதினேழில் எது என்றுகூட ஞாபகம் இல்லை. நான் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன், டிராயிங் மாஸ்டர் போட்டுவிட்டார், பாவம், மகள் அங்கே வேலை பார்க்கிறாள். அந்தப் பெண் வாசல் வரை வந்து, “நீங்களே வச்சுக்கோங்க சார், ஹாஸ்டல்ல வச்சா அழுக்காயிடும்” என்று சுருட்டிக் கொடுத்தாள். அவள் முகத்தில் பெரிய வருத்தம் தெரியவில்லை. அல்லது எனக்குக் காட்டவில்லை.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அவள் ஸ்கெட்ச் பேனாவில் வரைகிறாள். கோடு முழுக்க ஒரே தடிமன், கயிறு கம்பி மாதிரி தெரிகிறது. பழைய படங்களில் கோடு தடித்து மெலிந்து வருகிறதே, அது எப்படி, நிப்பா பிரஷ்ஷா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? மை தொடுவதற்கு முன்னால் நீ நிப்பைத் தலைமுடியில் ஒரு தரம் தேய்ப்பாய், அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. எந்த நிப், எந்த மை, எப்படிப் பிடிப்பது என்று ஒரு தாளில் வரைந்தே அனுப்பு. கை நடுங்குகிறது என்று சாக்குச் சொல்லாதே. அவளுக்கு வேண்டியது கயிறு. அது எப்போது நேராக இருந்தது?

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்த நாளை போன செவ்வாய்க்கிழமை வந்து போய்விட்டது.

உன்,
கூஜா

பி.கு.: 1987 விகடனை அந்த உறையிலேயே சேர்த்து வை.