யார் ஜெயித்தார் என்று யாரைக் கேட்டார்கள்?

பென்சில்வேனியா,
2024 நவம்பர் 24

அன்புள்ள மாப்ளே,

உன் செப்டம்பர் மாதக் கடிதத்துக்கே இன்னும் பதில் போடவில்லை, அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அதுவும் இரண்டே வரி: "ஜிகர்தண்டா எப்போ? அந்த 63-க்கு 37 என்ன ஆச்சு?" சரி, பந்தயத்தில் தோற்றது நான்தான். ஆனால் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டு விஷயம். மூட்டு ஆபரேஷன் முடிந்து நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்னது. சந்தோஷம். ஆனால் டாக்டர் நடக்கச் சொன்ன தூரத்தில் பாதியைத்தான் நடக்கிறாயாம், மீதிப் பாதியை டீக்கடை பெஞ்சில் கழிக்கிறாயாம். இங்கே மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. இலையை வாரி வாரி என் இடுப்பு போய்விட்டது. சின்னவள் பாஸ்டனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் உன் அக்காவும் டிவியும் மட்டும்தான்.

அந்த டிவியை இந்த வருஷம் பார்க்காமல் இருந்திருக்கலாம். தேர்தல் நேரத்தில் பென்சில்வேனியாவில் குடியிருப்பது, நம் ஊரில் இடைத்தேர்தல் நடக்கிற தொகுதியில் குடியிருப்பது மாதிரி. எல்லாக் கட்சிக்காரனும் வாசலில் நிற்பான். கவர் மட்டும்தான் வராது. மூன்று மாதம் தினமும் போன், மெசேஜ், தபால் பெட்டி நிறைய பளபள அட்டைகள். செப்டம்பர் 10 அன்று டிரம்ப்பும் கமலா ஹாரிஸும் விவாதம் நடத்தியதும் இங்கே ஃபிலடெல்ஃபியாவில்தான், எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அன்று ராத்திரியே சிஎன்என் டிவி வெளியிட்ட கணிப்பு, பார்த்தவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு ஹாரிஸ் ஜெயித்ததாகப் பட்டது, 37 பேருக்கு டிரம்ப் என்றது. அந்தச் சூட்டில்தான் தேர்தலிலும் ஹாரிஸ்தான் ஜெயிப்பார் என்று உன்னிடம் ஜிகர்தண்டா பந்தயம் கட்டினேன்.

இப்போது நீ சொல்வது: "அந்த டிவிக்காரன் கமலா ஆளு. அவனே 605 பேரைப் பிடித்தான், அவனே கேட்டான், அவனே ஜெயிக்க வைத்தான்." உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஜூன் 1 ராத்திரி நம் ஊர் சேனல்கள் பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் அள்ளிக் கொடுத்துவிட்டு, 4-ஆம் தேதி 293-இல் வந்து நின்றதே, அந்தச் சூடு உனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்காக எல்லாக் கணிப்பையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதே.

ஜூன் 27 அன்று அட்லாண்டாவில், அப்போது வேட்பாளராக இருந்த பைடனும் டிரம்ப்பும் பேசினார்கள். அதே சிஎன்என், அதே நிறுவனத்தை வைத்து, அதே முறையில் கேட்டது. டிரம்ப் ஜெயித்தார் என்றவர்கள் 67, பைடன் என்றவர்கள் 33. அப்போது நீ எனக்கு எழுதியது ஞாபகம் இருக்கிறதா? "பார்த்தியா, கிழவனுக்கு முடியலை, ஜனங்களே சொல்லிட்டாங்க." அன்றைக்கு ஜனங்கள், இன்றைக்கு விலைபோன சேனலா?

இன்னொன்று. செப்டம்பரில் கேட்ட அதே ஆட்களிடம் விவாதத்துக்கு முன்னாலும் "யார் நன்றாகச் செய்வார்?" என்று கேட்டிருந்தார்கள். சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு 63-க்கு 37 ஆனார்கள். அது அந்த மேடையைப் பற்றிய தீர்ப்பு. அதோடு, இரண்டு விவாதத்திலும் பத்தில் எட்டுப் பேர், இதனால் தங்கள் ஓட்டு மாறப்போவதில்லை என்றார்கள். நல்லா பேசினாள் என்பது வேறு, அவளுக்குத்தான் ஓட்டு என்பது வேறு. பட்டிமன்றத்தில் யாருக்குக் கை தட்டுகிறோம், தேர்தலில் யாருக்குக் குத்துகிறோம்? உனக்குத் தெரியாததா!

அந்த வித்தியாசத்தை மறந்தவன் நான்தான். ஓட்டுக் கணிப்பு எல்லாம் இந்த மாநிலத்தில் இரண்டு பேரும் சமம் என்றே சொல்லிக்கொண்டிருந்தன. கடைசியில் டிரம்ப் இங்கே இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஜெயித்தார். அதை விட்டுவிட்டு, கை தட்டலின் எண்ணிக்கையை வைத்து நான் பந்தயம் கட்டினேன். கணிப்பு என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அது பதிலே சொல்லவில்லை.

அப்படியானால் கோளாறே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, மாப்ளே. ஆனால் நீ தேடுகிற இடத்தில் இல்லை. கேட்கிறவன் மனதை நீ சந்தேகப்படுகிறாய். நான் பதில் சொல்கிறவனைப் பார்க்கச் சொல்கிறேன். இதை எந்தப் புத்தகத்தில் படித்ததையும்விட என் வீட்டிலேயே நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

ஜூன் விவாதத்துக்கு மறுநாள் சாயங்காலம் ஒரு கணிப்புக்காரர் போன் செய்தார். முந்தின ராத்திரி பைடன் பாதி வாக்கியத்தில் தொலைந்துபோனதைப் பார்த்து எனக்கு ஏற்கனவே வயிறு கலங்கியிருந்தது. "இப்போது நேரமில்லை" என்று வைத்துவிட்டேன். நேரம் நிறைய இருந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். செப்டம்பரில் இன்னொரு மெசேஜ் வந்தது. உட்கார்ந்து இருபது கேள்விக்கும் பதில் சொன்னேன். கேட்காததையும் சொல்லியிருப்பேன். ஓட்டைப் பொறுத்தவரை இரண்டு தடவையும் நான் ஒரே ஆள்தான். ஆனால் ஜூனில் கணக்கில் இல்லை, செப்டம்பரில் இருந்தேன். என்னை மாதிரி ஆயிரம் பேர் செய்தால் என்ன ஆகும்? நாடே மனம் மாறிவிட்டது என்று பேப்பரில் போடுவான்.

இதைக் கெட்டிக்காரர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2012 அக்டோபர் 3, டென்வரில் ஒபாமாவும் அவரை எதிர்த்து நின்ற ராம்னியும் விவாதம். ஒபாமா அன்று தூங்கி வழிந்தார். பார்த்தவர்களில் 67 சதவீதம் ராம்னி என்றும், 25 சதவீதம் ஒபாமா என்றும் சிஎன்என் கணிப்பு சொன்னது. ஓட்டுக் கணிப்புகளும் ராம்னி பக்கம் சாய்ந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லித்தரும் ஆண்ட்ரூ கெல்மனும் அவருடைய சகாக்களும் அந்தச் சமயத்தில் எதை வைத்து ஆராய்ந்தார்கள் தெரியுமா? எக்ஸ்பாக்ஸ். ஆமாம், பையன்கள் வீடியோ கேம் ஆடுகிற பெட்டி. அதன் வழியாக அந்தத் தேர்தலில் 7 லட்சத்துக்கு மேல் பேட்டிகள் சேர்ந்திருந்தன. பதில் சொன்னவர்களின் கட்சியையும், போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் வைத்துச் சரிக்கட்டிப் பார்த்தபோது, அந்தச் சாய்வில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. மனம் மாறினவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒபாமா ஆட்கள் சோர்ந்துபோய்ப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள், ராம்னி ஆட்கள் உற்சாகமாக வந்து சொன்னார்கள். எல்லாரும் என்னை மாதிரிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள் போல. நவம்பரில் ஒபாமா 51-க்கு 47 என்று ஜெயித்தார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னாரே, அது சரிதான். ஆனால் சோற்றுப் பருக்கை "எனக்கு இன்னைக்கு மூடு சரியில்லை, வேற பருக்கையைப் பாருங்க" என்று சொல்லாது. மனுஷன் சொல்லுவான். அதிலும் இப்போது எக்கச்சக்கமாகச் சொல்கிறான். இங்கே கணிப்பு எடுக்கிற பியூ ஆய்வு மையம் 1997-இல் போன் போட்டால் நூறில் 36 பேரிடம் பேட்டி எடுக்க முடிந்தது. 2018-இல் வெறும் 6.

விவாதம் முடிந்த கையோடு எடுக்கிற கணிப்புக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது நாட்டை அளப்பதில்லை, அன்று டிவி முன்னால் உட்கார்ந்தவர்களை மட்டும்தான் அளக்கும். 2016 செப்டம்பர் 26, ஹிலரியும் டிரம்ப்பும் முதல் தடவை மோதினார்கள். ஹிலரி 62, டிரம்ப் 27. ஆனால் அன்று பதில் சொன்ன பார்வையாளர்களில் 41 சதவீதம் ஹிலரியின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், 26 சதவீதம்தான் டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்காரர்கள். இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. கணிப்பை வெளியிட்டவர்களே சேர்த்துச் சொன்னார்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எத்தனை பேர், எந்தக் கட்சி, எப்படிப் பிடித்தார்கள் என்று சொல்கிறானா? சொன்னால் உட்கார்ந்து கணக்குப் போடலாம். சொல்லாதவனோடு என்ன பேச்சு?

சொல்லாத வகையும் அன்று ராத்திரி ஏராளமாக ஓடியது. இணையதளங்களில் "யார் ஜெயித்தார், அமுக்குங்கள்" என்று பொத்தான் வைத்தார்கள். பலவற்றில் டிரம்ப் முன்னால் வந்தார், அவரும் அதையெல்லாம் எடுத்துப் பெருமையாகப் போட்டுக்கொண்டார். ஒருவரே பத்துத் தடவை அமுக்கலாம், வெளிநாட்டிலிருந்து நீகூட அமுக்கலாம். (அமுக்கினாயா? உண்மையைச் சொல்.) டிரம்ப்புக்குப் பிடித்த ஃபாக்ஸ் நியூஸிலேயே கணிப்புப் பிரிவின் தலைமை, இவற்றை எடுத்துப் பேசாதீர்கள் என்று தங்கள் ஆட்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

இது இணையம் கொண்டுவந்த வியாதியும் இல்லை. 1980 அக்டோபர் 28, அதிபர் கார்ட்டரும் அவரை எதிர்த்த ரீகனும் கிளீவ்லாந்தில் பேசி முடித்ததும் ஏபிசி டிவி இரண்டு போன் நம்பர் கொடுத்தது. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். ஏறக்குறைய 7 லட்சம் அழைப்புகள் வந்தன. ரீகனுக்கு இரண்டு, கார்ட்டருக்கு ஒன்று என்கிற கணக்கு. கிழக்கே பாதிப் பேர் தூங்கப் போயிருப்பார்கள், ரீகனுக்குச் செல்வாக்கான மேற்கில் அப்போதுதான் சாப்பாட்டு நேரம். காசு கொடுத்து ஓட்டுப் போடுகிறவன் யார் என்பதையும் யோசி. நம் ஊரில் காசு வாங்கிக்கொண்டு போடுவான், இங்கே அன்று கொடுத்துப் போட்டான். ஒரு வாரத்தில் ரீகன் நிஜமாகவே அமோகமாக ஜெயித்தார். அதனால் 7 லட்சம் பேர் சொன்னது சரிதானே என்று அப்போது பேசியவர்கள் உண்டு. ஓடாத கடிகாரம்கூட ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியான மணி காட்டும்.

நாம் ஹாஸ்டலில் பரீட்சைக்கு எழுதிய கதை ஒன்று இருக்கிறதே: 1960-இல் அதிபர் வேட்பாளர்களின் விவாதத்தை டிவியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி ஜெயித்தார், ரேடியோவில் கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்தார் என்று. நாம் இரண்டு பேரும் அதை எழுதி மார்க்கும் வாங்கினோம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிற ஒரே பெரிய கணிப்பில் ரேடியோ கேட்டவர்கள் 282 பேர்தான். அந்தக் காலத்தில் டிவி இல்லாமல் ரேடியோ மட்டும் கேட்டவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், புராட்டஸ்டன்ட் மதத்தவர். கத்தோலிக்கரான கென்னடியை ஏற்கனவே பிடிக்காதவர்கள் அவர்களில் அதிகம் இருந்திருப்பார்கள். நிக்சனின் குரல் ஜெயித்ததா, கேட்டவர்களின் மனசு ஜெயித்ததா என்று 1987-இல் இரண்டு ஆய்வாளர்கள் கேட்ட கேள்விக்கு இதுவரை யாரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்.

பாரபட்சம் பற்றி இவ்வளவு கோபப்படுகிறாயே, நீ கோபப்பட வேண்டிய கதை ஒன்று சொல்கிறேன். 1984-இல் அதிபர் ரீகனும் அவரை எதிர்த்த மாண்டேலும். முதல் விவாதம் முடிந்தவுடன் சிபிஎஸ் டிவி கேட்டபோது மாண்டேல் 43, ரீகன் 34. இரண்டு நாள் கழித்துக் கேட்டால் மாண்டேல் 66, ரீகன் 17! நடுவில் யாரும் திரும்பப் பேசவில்லை. டிவியில் நிபுணர்கள் உட்கார்ந்து, ரீகன் தடுமாறினார், வயதாகிவிட்டது என்று இரண்டு நாள் பேசினார்கள். தாங்களே கண்ணால் பார்த்ததைவிட அவர்கள் சொன்னதை ஜனங்கள் நம்பினார்கள். 1976 விவாதத்தில் அதிபர் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று உளறினாரே, அன்றும் இதே கதைதான். அன்று ராத்திரி கேட்டபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. மறுநாள் பேப்பரும் டிவியும் அதையே பிடித்து ஆட்டிய பிறகு, ஃபோர்டு படுதோல்வி என்று ஆகிவிட்டது.

அப்படியென்றால் சார்பு எங்கே நுழைகிறது? 605 பேரை எண்ணும்போது நுழைவதைவிட, எண்ணி முடித்து அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பேசும்போது அதிகமாக நுழைகிறது என்று எனக்குப் படுகிறது. செப்டம்பரில் அந்த 63-ஐத் திரையின் மூலையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசினார்கள். ஓட்டு மாறவில்லை என்று பத்தில் எட்டுப் பேர் சொன்னதை யாரோ ஒருவர் ஒரே ஒரு தடவை சொன்ன ஞாபகம். நான் அப்போது காபி போடப் போயிருந்தேன் என்கிறாள் உன் அக்கா.

மாண்டேல் என்ன ஆனார் என்று கேட்பாயே. 49 மாநிலத்தில் தோற்றார்.

ஜனவரி 12 அன்று மதுரை வருகிறேன், பொங்கல் வரை இருப்பேன். மூட்டுக்குப் போட ஏதோ பெல்ட் கேட்டிருந்தாயே, எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுது. போன தடவை நீ குத்துமதிப்பாகச் சொல்லி வாங்கிவந்த செருப்பு யாருக்குமே சேரவில்லை. பந்தயம் ஒரு ஜிகர்தண்டாதான். "ஸ்பெஷல்" என்று இப்போது சேர்த்துப் பேசாதே, உன் செப்டம்பர் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உன் பழைய ரூம்மேட்