விலக்கு 17: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மலட்டுத்தன்மை சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது என்று 2019-இல் நீங்கள் வகுத்த 17-ஆம் விலக்கு பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை வைத்து நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ்; கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். குழந்தை பெறும் வயதில் பத்தில் ஒரு பெண்ணுக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்கு இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி), போதாக்குறைக்குச் சினைப்பை குடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாதவிலக்கு நாட்களில் கழிப்பறைக்குப் போகவே பயப்படுவேன். வேறு வழியில்லாமல் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சை, செய்தார்கள்.

வயிற்றுக்குள் ஏற்றிய வாயு தோள்பட்டையில் குத்த, நிமிர்ந்து உட்கார முடியாமல் கிடந்தேன். கணவர் பில்லிங் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் அனுமதியைக் காப்பீட்டு நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024-இல் சுற்றறிக்கை போட்டீர்களே, அதில் குறையே இல்லை; மறுப்பு சீக்கிரமே வந்துவிட்டது. காரணம், கேஸ் ஷீட்டில் ‘திருமணமானவர், குழந்தை இல்லை, கருத்தரிக்க முயல்கிறார்’ என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆகவே இது குழந்தைப்பேற்று சிகிச்சையாம், விலக்கு 17-இல் வருகிறதாம்.

ஐயா, வெட்டி எடுத்தது கட்டியை. இதே கட்டி கல்யாணமாகாத பெண்ணுக்கு வந்தால் நோய், எனக்கு வந்தால் பிள்ளை ஆசையா? ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கும் அத்தைமாரிடம் மழுப்புவதுபோல் இனி டாக்டரிடமும் மழுப்ப வேண்டுமா?

ஐவிஎஃப் எனும் செயற்கைக் கருத்தரிப்புச் செலவை நான் கேட்கவில்லை. அது தனிச் சண்டை. அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டியை எடுக்கும்போது கூடவே கருமுட்டை இருப்பும் குறையலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். நாளை தானமாக முட்டை பெறும் நிலை வந்தால், கொடுப்பவருக்கு நாங்கள் 12 மாதக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்கிறது செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். முட்டை கொடுப்பவருக்குக் காப்பீடு கட்டாயம். நோயாளிக்கு, இத்தனை வருடம் பிரீமியம் கட்டியும், கையை விரிக்கிறார்கள். நாங்கள் பிரீமியத்தை ஒரு வாரம் தாமதித்தால் மட்டும் எத்தனை குறுஞ்செய்தி, எத்தனை போன்!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்பது இதுதான்: எண்டோமெட்ரியோசிஸுக்கான அறுவை சிகிச்சையை, நோயாளி குழந்தைக்கு முயல்கிறார் என்ற காரணத்துக்காக விலக்கு 17-இன் கீழ் மறுக்கக் கூடாது என்று எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். ஏற்கெனவே இப்படி மறுத்த கோரிக்கைகளையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

தயவுசெய்து அந்தச் சுற்றறிக்கையை விரைவில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிரீமியத்தைத் தவறாமல் கட்டிவரும் ஒரு பாலிசிதாரர்