பாலத்தின் கரையில் இருந்த ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மார்ச் 26 அதிகாலையில், கொழும்பு நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ என்னும் சரக்குக் கப்பல் மோதி அமெரிக்காவின் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்து விழுந்ததையும், ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்ததையும், கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்பதால் நம் ஏடுகள் விரிவாகவே எழுதின. அச்செய்திகளில் இடம் ‘பால்டிமோர்’ என்று மட்டுமே குறிக்கப்படுவதைக் காண்கிறேன். அப்பாலத்தின் கிழக்கு முனைக்கு அருகே, ஓர் ஓடைக்கு அப்பால், ஸ்பாரோஸ் பாயின்ட் என்ற இடம் இருக்கிறது. அதன் பெயரும் வரலாறும் நம் வாசகர்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை என்பதால் எழுதுகிறேன்.

படாப்ஸ்கோ ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடத்தில் நீண்டு கிடக்கும் தாழ்வான நிலமுனை அது. பால்டிமோர் நகர எல்லைக்குள் அது வராது. அதே பெயர் கொண்ட கவுன்ட்டியை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவை) சேர்ந்தது. நகரமும் கவுன்ட்டியும் வெவ்வேறு நிர்வாகங்கள். அந்தக் கவுன்ட்டி முழுவதிலும் தனக்கென நகராட்சி பெற்ற ஊர் ஒன்றுகூடக் கிடையாது என்பதால், ஸ்பாரோஸ் பாயின்ட் மக்களுக்குச் சொந்தமாக ஒரு மேயரோ ஊர்மன்றமோ இருந்ததில்லை.

1887இல் பென்சில்வேனியா ஸ்டீல் நிறுவனம் இந்நிலத்தை வாங்கியது. கியூபாவிலிருந்து வரும் இரும்புத் தாதை உள்நாட்டிலிருந்த தன் ஆலைக்கு ரயிலில் ஏற்றி அனுப்புவதைவிட, கப்பல் வந்து நிற்கும் கரையிலேயே உருக்குவது மலிவு என்பதே காரணம். 1889இல், தாதை உருக்கி இரும்பாக்கும் முதல் ஊது உலை எரியத் தொடங்கியது. உலைகளுக்குப் பக்கத்திலேயே நிறுவனம் ஓர் ஊரையும் கட்டியது. வீடுகள் அனைத்தும் நிறுவனத்துடையவை, குடியிருந்தவர்கள் வாடகைதாரர்கள். கடை நிறுவனத்துடையது, மதுவுக்குத் தடை விதித்ததும் நிறுவனமே. தெருக்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். முதல் எழுத்துகளின் தெருக்களில் மேலாளர்கள் வாழ, கறுப்பினத் தொழிலாளர்களின் குடியிருப்பு ஹம்ஃப்ரி ஓடைக்கு அப்பால், வரிசையின் கடைசி எழுத்துகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஓடையும் பின்னாளில் உலைக் கசடு கொட்டித் தூர்க்கப்பட்டுவிட்டது.

1916இல் ஆலை பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கப்பல் கட்டும் தளமும், உணவு டப்பாக்களுக்கான தகரம் செய்யும் பிரிவும் வளர்ந்தன. 1950களின் இறுதியில் ஏறத்தாழ 30,000 பேர் வேலை செய்த, உலகின் மிகப் பெரிய எஃகு ஆலையாக அது விளங்கியது. ஆயினும் கடினமான, வெப்பம் மிகுந்த, ஊதியம் குறைந்த பணிகளே கறுப்பினத்தவருக்குத் தரப்பட்டன. அமெரிக்க எஃகுத் தொழில் முழுமைக்கும் பொருந்தும் 1974ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்படிக்கைக்குப் பிறகே, அவர்களை அப்பணிகளிலேயே கட்டிவைத்திருந்த பணிமூப்பு விதிகள் மாறின.

என்னை மிகவும் வருத்துவது அதே காலத்தில் நடந்த மற்றொன்று. புதிய பெரிய ஊது உலை ஒன்றுக்கு இடம் தேவைப்பட்டதால், எஞ்சியிருந்த வீடுகளையும் நிறுவனம் 1970களின் முற்பகுதியில் இடித்து அகற்றியது. மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கு நிலமும் சொந்தமில்லை; அவர்கள் சார்பில் பேச ஊர்மன்றமும் இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த ஓர் ஊரை அகற்றி எழுப்பிய அந்த ‘எல்’ உலை, 1978இல் இயங்கத் தொடங்கி 2012இல் அணைந்துவிட்டது. இதற்கிடையே 2001இல் பெத்லஹேம் திவாலானது; ஓய்வுபெற்றவர்கள் மருத்துவக் காப்பீட்டை இழந்தனர்; ஆலை பத்தே ஆண்டுகளில் பல கைகள் மாறியது. 2015 ஜனவரியில் உலையையும் வெடிவைத்துத் தகர்த்தனர்.

இன்று அந்த 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கிடங்குகளும் இறங்குதுறையும் இயங்குகின்றன. பாலம் விழுந்து கப்பல் வழி அடைபட்டபோது, இடிபாட்டுக்கு வெளியே கடலை நோக்கி அமைந்திருந்த இந்தத் துறைதான் திசைதிருப்பப்பட்ட கப்பல்களை ஏற்றுக்கொண்டது. ஆற்றிலிருந்து தூக்கியெடுத்த பாலத்தின் இரும்பைக் கொண்டுவந்து வெட்டிப் பிரித்ததும் அங்கேதான். அந்த மண்ணைப் பற்றி எழுதும்போது, அருகிலுள்ள பெருநகரத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல், ஸ்பாரோஸ் பாயின்ட் என்ற பெயரையும் குறிப்பிடுமாறு தங்கள் செய்திப் பிரிவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்