அறுபது பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கை குறைய ஆசிரியர்களின் அக்கறையின்மையே காரணம் என்று சென்ற வாரம் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். மனம் வெதும்பிப்போனது. விதிமுறை தங்களுக்குத் தெரியாததல்ல.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். வகுப்பு ஐந்து இருக்கிறதே என்பது கணக்கில் வராது. பணியிடம் நிர்ணயமாவது ஆகஸ்ட் 1 நிலவரப்படி. 62 பேர் படிக்கும் பள்ளியில், வாடகை கட்டுப்படியாகாமல் ஜூலையில் ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு காலிசெய்து போனால் போதும், மூன்றாவது ஆசிரியர் உபரி. பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்.

மீதி இருவரில் ஒருவரிடம் 1, 2, 3 வகுப்புகள். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து உட்கார வைக்க வேண்டும். அரும்புக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்டு முடிப்பதற்குள் மலர்க் குழந்தைகள் எழுதி முடித்து, திருத்த ஆளில்லாமல் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்றவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் பணிக்கோ போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். செயலியில் வருகைப்பதிவு, காலை உணவுக் கணக்கு எல்லாம் அவர்தான். இதையா அக்கறையின்மை என்கிறீர்கள்?

இன்னொன்றும் உண்டு. தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்கேஜியில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காடு இடங்களுக்குக் கட்டணம் தருவதும் அரசுதான். 2019இல் அரசு தொடங்கிய மழலையர் வகுப்புகள் 2,381 அங்கன்வாடிகளோடு நின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தொடக்கப் பள்ளிக்கு யார் வருவார்கள்?

31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். பதிவேடு, பினாயில், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள். தொட்டியின் மிதவை வால்வு கெட்டால் தண்ணீர் வழிந்தோடி மதியத்துக்குள் தொட்டி காலி. கழிவறையில் தண்ணீர் இல்லையென்றால் பெண் பிள்ளைகள் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். 40 டிகிரி தாண்டும் வேலூர் வெயிலில் இது சிறிய விஷயமா, ஐயா?

அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு மாற்று ஆசிரியர் வேண்டும். பயிற்சி நாளில் அவர் வந்து நின்றாலே வகுப்பு நடக்கும். இக்கோரிக்கையைத் தங்கள் மாவட்டப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.