அது இடைவெளி இல்லை, வாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 'டாலி ஹோ' பாய்மரப் படகைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1910-ல் கட்டியது, 1927-ல் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் படகுப் பந்தயத்தில் வென்றது. இற்றுப்போய்க் கிடந்ததை ஒரு இங்கிலாந்து இளைஞர் 2017-ல் வாங்கி, அமெரிக்காவிலேயே வைத்து வேலை பார்த்து, 2024-ல் தண்ணீரில் இறக்கிவிட்டார். சரி. ஆனால் புதன்கிழமை ஒரு வாசகர், “பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுப் பஞ்சு அடைக்கிறார்களாம், எங்கள் ஊர் ஆசாரி இப்படிச் செய்தால் கூலி கிடைக்காது” என்று கிண்டலாக எழுதியிருந்தார். நானும் உங்கள் ஊர் ஆசாரிதான் ஐயா. சேலத்தில் நாற்பது வருஷம் கதவு, ஜன்னல் செய்தவன்.

அது இடைவெளி இல்லை, வாய். உள்பக்கம் பலகைகள் ஒட்டி நிற்கும். வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் விரிந்திருக்கும். அதில் பஞ்சுத் திரியைத் தட்டி இறக்கி மேலே பட்டி பார்ப்பார்கள். கடற்கரையில் இதைக் கலப்பத்து என்பார்கள். மரம் தண்ணீர் குடித்தால் அகலவாக்கில் பெருக்கும், நீளத்தில் அவ்வளவு இல்லை. பெருக்கும்போது பஞ்சு நசுங்கி இடம் கொடுக்கும். ஐப்பசி மழையில் வாசல் கதவு பிடிப்பதும் இதனால்தான்.

எனக்கும் இது தெரியாத காலம் உண்டு. 1998-ல் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்காரர் பழைய பாய்மரப் படகு ஒன்றைச் சரிசெய்யக் கூப்பிட்டார். பன்னிரண்டு அடி இருக்கும். பல வருஷம் கொட்டகையில் காய்ந்து, பலகைச் சந்தில் எட்டணாக் காசு நுழையும். நான் மரத்தூளை எபாக்சிப் பசையில் குழைத்து ஒரு சந்து விடாமல் அடைத்தேன். கல் மாதிரி இறுகியது. பெருமையாக எஸ்டேட் குட்டையில் இறக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பலகைகள் பெருத்து, நகர இடமில்லாமல் ஒன்றையொன்று நெம்பி, செப்பு ஆணிகளின் தலை பிதுங்கி நின்றது. உள்ளே பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு மாதிரியான சட்டம், அதாவது வங்கு, ஒன்றும் விரிந்துபோயிருந்தது. எஸ்டேட்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் நாகப்பட்டினத்துப் படகு ஆசாரி ஒருவரிடம் போய்க் கேட்டுவந்தேன். எபாக்சியைச் சுரண்டி எடுக்கவே இருபது நாள். வங்கை மாற்றி, பஞ்சு வைத்து, இரண்டு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்து இறக்கினேன். முதல் நாள் ஒழுகத்தான் செய்தது. சொம்பால் மொண்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் சொம்புக்கு வேலை இல்லை.

வாசகர் கவலைப்பட வேண்டாம், கூலி முழுதாகக் கிடைத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மர ஆசாரி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்