வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: மூன்று மாதம் நடந்த வழக்கு

தலைவர் ஐயா அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், நாற்காலி காலியாக இருந்தாலும் வாசற்படியிலேயே உட்காரும் நம் மூத்த நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுவது என்ற ஏற்பாட்டில் இந்த ஆண்டு இரண்டு கூட்டங்கள் நடக்கவில்லை. ஐப்பசியில் துலா முழுக்கு என்று காவிரியில் நீராட வந்த கூட்டத்தில் நம் ஆட்களால் மணிக்கூண்டைத் தாண்டி வர முடியவில்லை. கார்த்திகையில் மழை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புத்தக பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கிய செலவு அதில் வரும். அந்தப் பூட்டு ஏன் வந்தது என்பதை நானே பின்னால் சொல்கிறேன்.

சென்ற ஆண்டறிக்கை முடிந்ததும் ஒரு குறை சொல்லப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஒருவர்கூட நம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, வருகிறவர்கள் எல்லாரும் பென்ஷன்காரர்கள் என்று. அது உண்மைதான். அதனால் நம் ஆங்கில டீச்சர் இளையோருக்கான ஒரு நாவலை எடுத்துக்கொள்ளலாம் என்றார். வால்டர் டீன் மையர்ஸ் எழுதிய ‘மான்ஸ்டர்’, 1999-இல் வந்தது. அமெரிக்காவில் இளையோர் இலக்கியத்துக்குத் தரும் பிரின்ட்ஸ் விருது 2000-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது இந்தப் புத்தகத்துக்குத்தான் கிடைத்தது.

“கோர்ட் கதையா? நமக்கெதுக்கு?” என்று ஒரு குரல் எழுந்தது. தலைவர் ஐயாதான் பதில் சொன்னார். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை இதே மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், முன்சீஃபாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, இருந்தவர். 1879-இல் அந்த நாவல் அச்சேறியது. கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துப் போட்டவரும் அவரே. “கோர்ட்டுக்கும் நாவலுக்கும் நம்ம ஊர்லதான்யா கல்யாணம் ஆச்சு” என்று ஐயா முடித்தார். அப்புறம் யாரும் பேசவில்லை.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஸ்டீவ் ஹார்மன் என்று ஒரு கறுப்பினப் பையன், பதினாறு வயது. ஒரு மருந்துக் கடையில் கொள்ளையடிக்கப் போனவர்களோடு நடந்த தள்ளுமுள்ளில், கடைக்காரர் தம் சொந்தத் துப்பாக்கியாலேயே சுடப்பட்டுச் செத்துப்போகிறார். ஸ்டீவ் முன்னாடியே கடைக்குள் போய் ஆள் நடமாட்டம் பார்த்துவிட்டு வந்தான் என்பது அரசுத் தரப்பு. அவன் பள்ளியில் சினிமாப் படிப்புப் படிக்கிறவன். அதனால் தன் வழக்கையே ஒரு திரைக்கதையாக எழுதுகிறான், இடையிடையே டைரிக் குறிப்பும் வருகிறது. அரசு வக்கீல் தன்னைப் போன்றவர்களைச் சொல்லப் பயன்படுத்திய அரக்கன் என்ற சொல்லையே படத்துக்குத் தலைப்பாக வைத்துவிடுகிறான். புத்தகத்தில் உள்ள படங்களைச் செய்தவர் ஆசிரியரின் மகன் கிறிஸ்டோபர் மையர்ஸ்.

திரைக்கதை வடிவில் இருந்ததால் ஒரு வசதி. டீச்சர் ஒரு லாங் சைஸ் நோட்டில் வசனங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வருவார், நாம் ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்போம். ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று கூட்டம் இப்படி ஓடியது. நீதிபதியாகத் தலைவர் ஐயா. அரசு வக்கீல் பெட்ரோசெல்லியாக வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. அவர் கேள்வி கேட்ட தொனியில் எனக்கே பழைய கடன் பாக்கி ஏதோ இருப்பது போல் தோன்றியது. ஸ்டீவின் வக்கீல் ஓ’பிரையனாக டீச்சர். கூடவே குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் ஜேம்ஸ் கிங்காக நம் விவசாயி அண்ணன். ஸ்டீவாக ஒரு தம்பி, பதினொன்றாம் வகுப்பு. டீச்சரிடம் டியூஷன் படிக்கிறவன், சைக்கிளில் வருவான். நம் வட்டத்துக்கு வந்த முதல் பள்ளிப் பிள்ளை அவன்தான்.

வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் ஓட்டிய நம் உறுப்பினருக்குப் பாத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காமலே அவர் எல்லாப் பாத்திரத்திலும் புகுந்துவிட்டார். “என்னது இது, வாய்தாவே இல்லாம ஒரு கேஸு?” என்பதுதான் அவருடைய முதல் ஆட்சேபம். இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. பதினாறு வயதுப் பையனைப் பெரியவர்களுக்கான ஜெயிலில் போட்டு, பெரியவர்களின் கோர்ட்டில் எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்டார். நம் நாட்டில் பதினெட்டு நிறையாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், பையனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள், பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது. ஆனால் 2015 சட்டத்துக்குப் பிறகு, பதினாறு முடிந்தவர் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சிக்கினால், குழுமம் முதலில் மதிப்பீடு செய்து, பெரியவரைப் போல விசாரிக்கச் சொல்லி அனுப்பலாம். அப்போதும் தூக்கு கிடையாது. இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அவரே, “அப்ப நம்மளும் பாதி வழி அங்க போயிட்டோம்” என்று தலையைச் சொறிந்துகொண்டார்.

ஜூரி என்றால் என்ன என்று தம்பி கேட்டான். குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களில் இருந்து எடுக்கும் குழு என்றோம். உடனே பேச்சு, மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்குக்குப் போய்விட்டது. 1959-இல் பம்பாயில் ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. இதையெல்லாம் நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது விவசாயி அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி, அதைப் பார்க்க மெஷினும் இருக்கிறது. “ஆனா மெஷின்ல வைக்கறதுக்கு முன்னாடியே அந்தாளு நெல்லைக் கையில அள்ளிப் பாத்து, அப்புறம் என் மூஞ்சியப் பாப்பான். அங்கயே முடிஞ்சுபோச்சு. ஜூரின்னா பன்னெண்டு பேரு மூஞ்சியப் பாக்கறது, அவ்வளவுதானே?”

நான் படித்த வரையில் இந்த நாவலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. ஸ்டீவின் வக்கீலுக்கே அவன் சொல்லும் பதிலைவிட அதை அவன் எப்படிச் சொல்கிறான் என்பதில்தான் கவலை. ஒரு காகிதக் குவளையை வைத்துக்கொண்டு அவனுக்குப் பயிற்சி கொடுப்பார். பதில் பிடித்தால் குவளை நேராக இருக்கும், பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிடுவார். டீச்சர் அன்று நம் டீ கப்பையே வைத்துச் செய்து காட்டினார். தம்பி முதலில் சிரித்தான். நாலாவது தடவை கப் கவிழ்ந்தபோது பதில் சொல்லும் முன் கப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

பையன் செய்தானா, செய்யவில்லையா? ஆவணிக் கூட்டத்தில் பாதி நேரம் இதிலேயே போயிற்று. சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று அந்தக் கடைக்கே போகவில்லை என்கிறான். டைரியிலோ, ஒரு மருந்துக் கடைக்குள் மிட்டாய் பார்க்கப் போனேன், திரும்பி வந்தேன், அதில் என்ன தப்பு என்கிற மாதிரி எழுதுகிறான். வங்கி அம்மா அந்தப் பக்கத்தை மடித்தே வைத்திருந்தார். “சத்தியப் பிரமாணம் செஞ்சுட்டுப் பொய் சொல்றான்” என்றார். குமாஸ்தா விடவில்லை. அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் தண்டனையைக் குறைத்துக்கொள்ள வந்தவர்கள், நம் ஊர்க் கணக்கில் அப்ரூவர்கள், கூட்டாளி சொல்வதை மட்டும் வைத்து எவனையும் உள்ளே தள்ளக் கூடாது என்றார். கடைசியில் பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டோம். செய்தான் என்று ஒன்பது, செய்யவில்லை என்று ஏழு, டீ ஆறிப்போச்சு என்று ஒன்று. எழுத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது, இருக்கட்டும். தம்பி மட்டும் சீட்டுப் போடவில்லை. “ஸ்டீவா படிச்சுட்டு நான் எப்படி சார் ஓட்டுப் போடறது?” என்றான்.

புலவர் ஐயா அதுவரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சிலப்பதிகாரத்துக்கு வந்தார். வருவார் என்று எல்லாருக்கும் தெரியும், பூம்புகார் பக்கத்தில் இருந்துகொண்டு வராமல் முடியாது. ஆனால் அவர் எடுத்தது நாம் எதிர்பார்த்த வழக்குரை காதை இல்லை, கொலைக்களக் காதை. பொற்கொல்லன் காட்டிக்கொடுத்த கோவலனைப் பார்த்துக் காவலர்களே தயங்குகிறார்கள். இவன் சாமுத்திரிகா லட்சணம் கொல்லப்படுகிறவனுடையதாக இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வரின் தந்திரங்களைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். “முகம் நல்லா இருந்தும் செத்தான் கோவலன். இந்தப் பையனுக்கு முகமே எதிர்சாட்சி. ரெண்டு பேரையும் யாரும் எதுவும் கேக்கல” என்றார் புலவர். ஸ்டீவைக் கேட்டார்களே, குறுக்கு விசாரணையே நடந்ததே என்று நான் சொன்னேன். புலவர் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

தீர்ப்பு நாளில் கிங் குற்றவாளி என்றும் ஸ்டீவ் குற்றவாளி இல்லை என்றும் வருகிறது. ஸ்டீவ் தன் வக்கீலைக் கட்டிக்கொள்ளக் கையை விரிக்கிறான். அவர் விறைத்துப்போய்த் திரும்பிக்கொள்கிறார். நாங்கள் வாசித்தபோது தம்பி நிஜமாகவே எழுந்து கையை விரித்து நின்றான். டீச்சரும் நோட்டோடு எழுந்தார். எழுந்தவர் அவன் தோளைத் தொட்டுவிட்டார்.

“டீச்சர், புத்தகத்துல அப்படி இல்லையே” என்றார் குமாஸ்தா.

டீச்சர் ஒரு நிமிஷம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “சரி, மறுபடி” என்றார். தம்பி மறுபடி கையை விரித்தான். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வங்கி அம்மாதான் கடைசியில் பேசினார். அது வக்கீலின் தொழில், கட்சிக்காரனைக் கட்டிப்பிடிப்பது அவர் வேலை இல்லை என்றார். சொல்லிவிட்டு அவரே, “ஆனாலும்...” என்று நிறுத்திக்கொண்டார். கதையில் அப்பாவும் அவனை விட்டுத் தள்ளிப் போய்விடுகிறார். வக்கீல் தன் முகத்தில் எதைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள அவன் தன்னையே திரும்பத் திரும்பப் படம் எடுத்துக்கொண்டிருப்பதோடு நாவல் முடிகிறது. கடைசியைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நாலைந்து பேருக்கு மனக்குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

இனி பூட்டு விஷயம். நாவலின் இரண்டு பிரதிகளில் ஒன்று டீச்சருடையது, மற்றது வட்டத்தின் பணத்தில் வாங்கியது. புரட்டாசிக் கூட்டத்தில் பீரோவைத் திறந்தால் வட்டத்துப் பிரதி இல்லை. கடைசியாகக் கையில் வைத்திருந்தது யார் என்ற பேச்சு வந்ததும் நான் நேராகத் தம்பியிடம் கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். “உன்கிட்ட இருக்கா தம்பி? இருந்தா பரவால்ல, குடுத்துடு.” அவன் “இல்லைங்க சார்” என்றான். நான் இன்னொரு தடவையும் கேட்டேன். இந்த இரண்டாவது கேள்வி அன்றைய கூட்டக் குறிப்பில் இல்லை, குறிப்பு எழுதியவன் நான் என்பதால். இன்று அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கப்புறம் அவன் வரவில்லை. நாம் பூட்டு வாங்கினோம்.

போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்து பழைய காகிதங்களை இறக்கியபோது ஒரு ஜவுளிக்கடை துணிப்பை விழுந்தது. உள்ளே இரண்டு கல்யாணப் பத்திரிகை, ஒரு மின்சார அட்டை, வட்டத்துப் பிரதி. ஆவணிக் கூட்டம் முடிந்து நானே எடுத்துப் போயிருக்கிறேன்.

பொங்கல் கழிந்து அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவன் டியூஷனுக்குப் போயிருந்தான். அவன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “அவன் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே சார்” என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். புத்தகத்தை அவனுக்கென்றே கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கான விலையை வட்டத்தின் கணக்கில் கட்டிவிட்டேன், பொருளாளர் ரசீது போட்டுவிட்டார். மாசிக் கூட்டத்துக்கும் பங்குனிக் கூட்டத்துக்கும் அவன் வரவில்லை. பரீட்சை நேரம் என்று டீச்சர் சொன்னார்.

பொதுக்குழுவின் முன் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. புரட்டாசிக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்கு வட்டத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. அதை டீச்சர் எழுதுவதாகச் சொன்னார், நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பீரோவை இனிப் பூட்ட வேண்டுமா என்பது இன்னொன்று. பூட்ட வேண்டாம் என்பது விவசாயி அண்ணனின் கருத்து. வாங்கின பூட்டை என்ன செய்வது என்று பொருளாளர் கேட்கிறார். இப்போதைக்குச் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் டீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த ஆண்டு வேதநாயகம் பிள்ளையில் தொடங்குவதாக முடிவு. வைகாசிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதல் ஐந்து அதிகாரம் படித்துவிட்டு வரவும். ஒரே பிரதிதான் இருக்கிறது, படித்து முடித்தவர் யாரிடம் கொடுத்தார் என்பதைப் பின் அட்டையில் எழுதிவிட வேண்டும். முதலில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்