கார் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்: ஓட்டப் பிடிச்சவங்களுக்கும் ஒரு கார் பண்ணுங்க

இந்தியாவுல கார் பண்ணி விக்கிற எல்லா கம்பெனியோட பெரியவங்களுக்கும், முக்கியமா எந்த மாடல்ல எந்த எஞ்சின், எந்த வேரியன்ட்ல எந்த கியர்பாக்ஸ்னு முடிவு பண்றவங்களுக்கு,

வணக்கமுங்க.

போன வாரம் கோயமுத்தூர்ல ஒரு ஷோரூமுக்குப் போனேன். எந்த கம்பெனின்னு இங்க சொல்லல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சனை இல்ல. ரொம்ப நாளா மனசுல வச்சிருந்த கார், பெரிய டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர் மேனுவல், அதுக்காகவே காசு சேத்து வச்சிருந்தேன். அங்க இருந்த பையன் மரியாதையாத்தான் சொன்னான், "அந்த எஞ்சின்ல மேனுவல் நிறுத்திட்டாங்கண்ணா, இனிமே ஆட்டோமேட்டிக் மட்டும்தான்"னு. சரி, மேனுவல் வேற எதுலதான் வருதுன்னு கேட்டா சின்ன எஞ்சின்ல வருதாம், அதுவும் நடு வேரியன்ட் வரைக்கும்தானாம். டாப் வேரியன்ட்ல நல்ல டயரு, நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக்கு எல்லாம் இருக்கு, ஆனா கிளட்ச் இல்ல. கிளட்ச் இருக்கிற வண்டியில மத்தது எதுவும் இல்ல. அப்புறம் அவன் சன்ரூஃபைத் திறந்து காட்டுனான், கதவுல ஓடுற கலர் லைட்டைக் காட்டுனான், சீட்ல காத்து வர்றதைக் காட்டுனான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல, விக்கிறதுக்கு நீங்க அவன் கையில குடுத்தது அவ்வளவுதான்.

அதனால முதல்லயே கேட்டுடறேன். நல்ல எஞ்சினோட, டாப் வேரியன்ட்ல, கிளட்சும் கியரும் வச்ச ஒரு கார் குடுங்க. ஏசிக்கு கையில பிடிச்சுத் திருகுற மாதிரி நாப் வைங்க. மத்த எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம்.

நாப் எதுக்குங்கறதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இதை நீங்க அனுபவிச்சிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். நான் பொள்ளாச்சிக்காரன். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுற ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொன்னுக்கும் நம்பர் போட்ட போர்டு இருக்கும். ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட் வரைக்கும் நல்லா வெயில் அடிக்கும், அங்க நின்னு வரையாடு பாத்துட்டுப் போறவங்க நிறைய பேரு. அதையெல்லாம் தாண்டி மேல ஏறி கவர்க்கல் பக்கம் போனா திடீர்னு பனிமூட்டம் வந்து மூடிக்கும், பத்தடி தள்ளி வர்ற பஸ்ஸோட லைட்டு கூடத் தெரியாது. வெளிய குளிரு, உள்ள நாலு பேரு மூச்சு, முன் கண்ணாடி ரெண்டு நிமிஷத்துல உள்பக்கமா ஆவி படிஞ்சு வெள்ளையாயிடும். என்னோட பழைய ஃபோர்டு ஃபியஸ்டாவுல இதுக்கு ஒரு நாப், கண்ணு ரோட்டுலயே இருக்கும், கை தானாப் போய் அதைக் கண்ணாடி பக்கம் திருப்பும், இன்னொரு நாப்ல காத்தைக் கூட்டும், டக் டக்னு எத்தனை தட்டு திரும்புச்சுன்னு விரலுக்கே தெரியும்.

வீட்டுல இப்ப வாங்குன புது கார்ல ஏசி பேனல் முழுக்க வழவழன்னு டச். மேடு பள்ளம் எதுவுமே இல்ல, விரலை வச்சா எந்த இடத்துல இருக்கோம்னு தெரியாது. கண்ணாடிக்கு காத்து அனுப்புற படம் ஒரு ஓரத்துல சின்னதா இருக்கு. காத்தைக் கூட்டணும்னா பெரிய ஸ்கிரீனுக்குப் போகணும், அதுல மேப் ஓடிட்டு இருக்கும், மேப்பை விட்டு வெளிய வந்து, கிளைமேட்டைத் தொட்டு, அப்புறம் ஃபேன் கோட்டை இழுக்கணும். அன்னிக்கு வளைவுல பாதி திரும்பியாச்சு, எதுக்க மரம் ஏத்துன லாரி இறங்கி வருது, கண்ணாடி வெள்ளையாகிட்டே வருது, நான் ஸ்கிரீனைக் குனிஞ்சு பாத்துட்டு இருக்கேன். பின்னாடி சீட்ல எங்க அம்மா. ஓரத்துல தடுப்புச் சுவரு முழங்கால் உசரம். வண்டியை அப்படியே நிறுத்தி சட்டைத்துணியால கண்ணாடியைத் துடைச்சேன். பதினஞ்சு லட்சத்துக்கு மேல குடுத்து வாங்குன கார்ல சட்டைத்துணியால கண்ணாடி துடைக்கிற நிலைமை ஏன் வருதுன்னு நீங்கதான் சொல்லணும். இதை டிசைன் பண்ணவங்க மழைக்காலத்துல ஒரு தடவையாவது மலை ஏறிப் பாத்தாங்களா?

இது நான் மட்டும் சொல்றது இல்லங்க. யூரோ என்கேப் இருக்கே, ஐரோப்பாவுல காரை மோதிப் பாத்து ஸ்டார் குடுக்கிற அமைப்பு, அவங்களே 2026 ஜனவரியில இருந்து இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இந்த அஞ்சுக்கும் தொட்டுத் தெரியற பட்டன் இல்லன்னா முழு மார்க் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ஃபோக்ஸ்வாகன் டிசைன் தலைவரே 2025ல, வால்யூம், ஹீட்டர், ஃபேனுக்கெல்லாம் பட்டன் திரும்ப வரும்னு வெளிப்படையா சொன்னாரு. அங்க பாடம் படிச்சு முடிச்சுட்டாங்க, இங்க நமக்கு இன்னும் பளபளன்னு கருப்புப் பேனலை புது வசதின்னு விக்கிறீங்க.

இன்னொரு வருத்தம் ஸ்டியரிங். அந்த ஃபியஸ்டா 2005ல வந்த மாடல், ஹைட்ராலிக் ஸ்டியரிங். மலை ரோட்டுல அதைப் பிடிச்சுட்டுப் போறது நாடி பிடிச்சுப் பாக்குற மாதிரி, மண்ணு எங்க இருக்கு, ஈரம் எங்க இருக்கு, டயரு எப்ப வழுக்கப் பாக்குதுன்னு கையிலயே சொல்லிடும். இப்ப வர்ற வண்டியில பாதிக்கு மேல ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசா இருக்கு, முன் சக்கரத்துக்கு என்ன ஆகுதுன்னு ஒரு தகவலும் வராது. எலக்ட்ரிக் ஸ்டியரிங் எதுக்குன்னு எனக்கும் தெரியும். ஹைட்ராலிக் பம்ப் எப்பவும் எஞ்சினோட ஓடிட்டே இருக்கும், எலக்ட்ரிக் மோட்டாரு திருப்புறப்ப மட்டும் கரண்ட் எடுக்கும், மைலேஜ் மிச்சம். சரி. ஆனா எலக்ட்ரிக்னாலே உயிர் இருக்காதுன்னு இல்லையே. போர்ஷே 911க்கு 2011ல எலக்ட்ரிக் ஸ்டியரிங் வச்சப்ப எல்லாரும் திட்டுனாங்க, அவங்க அதுக்கு மேல வேலை செஞ்சு இன்னிக்கு அதையே எல்லாரும் பாராட்டுற அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. மஸ்டா எம்எக்ஸ்-5ல இருக்கறதும் எலக்ட்ரிக்தான், ஓட்டுனவங்க யாரும் அதைக் குறை சொல்லிக் கேட்டது இல்ல. மனசு வச்சா முடியும்.

கிளட்ச் இருக்கிற புது வண்டியிலயும் ஒரு தொல்லை உண்டு. கியர் மாத்த ஆக்சிலரேட்டரை விட்டா எஞ்சின் சுத்துற வேகம் (ஆர்பிஎம்) உடனே இறங்காம அங்கயே கொஞ்ச நேரம் தொங்கிட்டு நிக்கும். புகை கட்டுப்பாட்டுக்காக எஞ்சினுக்கு காத்து விடற த்ராட்டிலை கம்ப்யூட்டரே மெதுவா மூடுது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை விதி வந்துச்சு, 2023 ஏப்ரல்ல நிஜ ரோட்டுல ஓட்டி புகை அளக்குற விதியும் சேந்துச்சு, அதையெல்லாம் நான் எதிர்க்கல, எம்புள்ளையும் இதே காத்தைத்தான் சுவாசிக்குது. ஏர்பேக் வேண்டாம், வண்டி வழுக்காம பாத்துக்கற இஎஸ்சி வேண்டாம்னும் சொல்லல, அதெல்லாம் உசுரைக் காப்பாத்துற சமாச்சாரம், அதனால கொஞ்சம் வெயிட் கூடுனாலும் சம்மதம். எஞ்சின், பிரேக், பாடி பலம் எல்லாத்துலயும் இன்னிக்கு வர்ற கார் பழைய காரை விட நல்ல கார்தான். ஓட்டுறவனுக்கும் வண்டிக்கும் நடுவுல இருந்த தொடர்பைத்தான் ஒன்னொன்னா எடுத்துட்டீங்க, கிளட்சை எடுத்தீங்க, ஹேண்ட்பிரேக்கை எடுத்தீங்க, நாபை எடுத்தீங்க. புதுக் கார்ல ஆசையே வரமாட்டேங்குதுன்னு எங்களை மாதிரி ஆளுங்க சொல்றது இதனாலதான், பழசு மேல இருக்கிற ஏக்கத்தால இல்ல.

இதைச் சொன்னா உங்க பதில் எனக்குத் தெரியும். "டிமாண்ட் இல்ல." சிட்டி டிராஃபிக்ல இடது கால் வலிக்குது, எல்லாரும் ஆட்டோமேட்டிக் கேக்குறாங்க. வாஸ்தவம், எங்க அக்கா காந்திபுரம் சிக்னல்ல தினமும் நிக்கிறவங்க, அவங்க ஆட்டோமேட்டிக்தான் வாங்கணும், வாங்கட்டும். ஆனா எங்களுக்கு டிமாண்ட் இல்லன்னு எப்படி முடிவு பண்றீங்க? ஃபியட் 2015ல அபார்த் புன்ட்டோன்னு 145 பிஎஸ் (குதிரைத்திறன்) வண்டியை பத்து லட்சத்துக்குள்ள குடுத்தாங்க, இன்னிக்கும் அந்த வண்டி வச்சிருக்கிறவங்க விக்க மாட்டேங்கறாங்க. எங்க கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேந்து 2018ல டியாகோ ஜேடிபின்னு ஒன்னு கொண்டு வந்தாங்க, 114 பிஎஸ், மேனுவல், அப்ப ஏழு லட்சத்துக்குள்ள எக்ஸ் ஷோரூம். 2020ல நின்னுபோச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல மறைமலைநகர் ஃபேக்டரியை மூடறோம்னு அறிவிச்சுட்டாங்க, ஃபோக்ஸ்வாகன் போலோ 2022ல போயிடுச்சு. இந்த மாதிரி வண்டியை விக்கிறப்ப விளம்பரம் பெருசா இருக்காது, ஷோரூம்ல டெஸ்ட் டிரைவுக்கு வண்டி இருக்காது, இருந்தாலும் நேர் ரோட்டுல ஒரு யூ டர்ன் அடிச்சுட்டு வந்துடணும், அப்புறம் விக்கலைன்னு கணக்கு எழுதி நிறுத்திடறது.

கார் ஓட்டப் பிடிச்சவங்க இங்க இல்லையா? ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டுன இந்தியருங்க ரெண்டே பேரு, ரெண்டு பேரும் தமிழ்நாடு, நாராயண் கார்த்திகேயன் எங்க ஊருப்பக்கம், கருண் சந்தோக் சென்னை. செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வேங்கற ரேஸ் டிராக் இருக்கு, இருங்காட்டுக்கோட்டையில ஒரு டிராக் இருக்கு. அந்த இருங்காட்டுக்கோட்டையிலயேதான் ஹூண்டாய்க்காரங்க ஐ20 காரைப் பண்றாங்க. அதே பேருல 204 பிஎஸ் 'ஐ20 என்'ங்கற வேகமான மாடலை ஐரோப்பாவுல வித்தாங்க, நமக்கு 120 பிஎஸ்ல 'ஐ20 என் லைன்'. அதுக்கும் 2021ல மொதல்ல குடுத்தது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி, எங்க ஆளுங்க விடாம கேட்டு 2023ல ஒழுங்கான ஆறு கியர் மேனுவல் வந்துச்சு. நல்லது செஞ்சா நல்லதுன்னு சொல்லணும், அதுக்கு நன்றி. டாடா 2024ல அல்ட்ரோஸ் ரேசரை மேனுவல்லயே கொண்டு வந்தாங்க, அவங்களுக்கும் நன்றி. கேட்டா குடுக்க முடியும்னு இதுலயே தெரியுதில்ல?

ஹூண்டாயோட 'ஐயோனிக் 5 என்' காரைப் பாருங்க. 2023ல வந்த எலக்ட்ரிக் கார், அதுல கியரே கிடையாது, ஆனா கியர் மாத்துற மாதிரி ஒரு உதறலும் எஞ்சின் சத்தமும் சாஃப்ட்வேர்ல செஞ்சு வச்சிருக்காங்க. கியரே தேவையில்லாத வண்டியில இவ்வளவு மெனக்கெட்டு அந்த உணர்வை உண்டாக்குறாங்கன்னா அந்த உணர்வுக்கு ஆளு இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அப்ப நிஜமான கியர்பாக்ஸ் ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கிற பெட்ரோல் வண்டியில அதை எதுக்குங்க எடுக்கிறீங்க?

கவர்மென்ட்டுக்கும் இதுல பங்கு உண்டு, அதையும் சொல்லாம விட முடியல. நீளம் நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தாத்தான் வரி கம்மின்னு ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22ல இருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள 18 சதவீதம், வெளிய 40 சதவீதம். ஒரு 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை சின்ன ஹேட்ச்பேக்ல வச்சா ஓட்ட எப்படி இருக்கும், ஆனா ஒரே நாள்ல அது ஆடம்பர கார் வரிக்குள்ள போயிடும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 2025ல இங்க வந்துச்சு, முழுசா இறக்குமதி, 50 லட்சத்துக்கு மேல, அதுலயும் மேனுவல் இல்ல. வாங்குற காசுல பெரிய பங்கை வரியாக் கட்டி, ரோடு டேக்ஸ் தனியாக் கட்டி, டோல் கட்டி, கடைசில குழி விழுந்த ரோட்டுல ஓட்டுறோம். ரோடு நல்லா இல்லாததாலதான் எல்லாரும் உசரமான எஸ்யூவிக்குப் போறாங்க, உசரமா இருக்கிற வண்டி வளைவுல சாயும், சாயற வண்டியை ஓட்டி என்ன சந்தோஷம். அதுக்கு நான் வேற இடத்துல மடல் எழுதணும், தெரியும், உங்ககிட்ட கேக்க வேண்டியதுக்கே வர்றேன்.

தயவு செஞ்சு கேக்கறேன், உங்க லாபத்தைக் குறைச்சுக்கச் சொல்லல, எல்லா மாடலையும் மாத்தச் சொல்லல. ஆளுக்கு ஒரு மாடல், அதுல இருக்கிறதுலயே நல்ல எஞ்சின், அதோட டாப் வேரியன்ட்ல ஆறு கியர் மேனுவல். ஏறுன கியர்லயே இறங்குன்னுதான் மலையில ஓட்டுறவங்க சொல்லிக் குடுப்பாங்க, அந்த கியரை நான் போட்டா அது அங்கயே நிக்கணும், கம்ப்யூட்டரு நடுவளைவுல மாத்தக் கூடாது. ஏசிக்கும் கண்ணாடிக்கும் நாப். ரோட்டுக் கோட்டைத் தாண்டுனா ஸ்டியரிங்கைத் தானாத் திருப்புற லேன் அசிஸ்ட்டை ஒருதடவை ஆஃப் பண்ணா அடுத்த தடவை ஸ்டார்ட் பண்றப்பவும் அது ஆஃப்லயே இருக்கணும், மலை ரோட்டுல குழியைத் தவிர்க்க ஒடிக்கறப்ப ஸ்டியரிங்கை அது எதிர்ப்பக்கம் இழுக்கறது ஆபத்து. சன்ரூஃபும் கலர் லைட்டும் வேண்டாம்னு எழுதிக் குடுத்து வாங்கிக்கறோம், அந்தக் காசுல நல்ல டயர் போட்டுக் குடுங்க. ஸ்டாக் வச்சா விக்குமோ விக்காதோன்னு பயமா இருந்தா புக்கிங் வந்த பிறகு பண்ணுங்க, ஆறு மாசம் ஆனாலும் காத்திருக்கிறோம்.

ஷோரூம்ல கேட்டா "கம்பெனிக்கு மெயில் போடுங்கண்ணா"ன்னாங்க, மெயில் போட்டா "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு, அதனாலதான் இப்படி எல்லாரும் பாக்குற மாதிரி எழுத வேண்டியதாப் போச்சு. இந்த வருஷத்துக்குள்ள அப்படி ஒரு கார் எந்த கம்பெனி கொண்டு வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க. சேத்து வச்ச காசு அப்படியேதான் இருக்கு, புக்கிங் திறக்குற அன்னிக்கு அட்வான்ஸ் கட்டிடறேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியில இருந்து, கார் ஓட்டப் பிடிச்ச உங்க வாடிக்கையாளர்